பின்னச்சில் ஊற்றிய எண்ணெய்

மச்சான்,

அந்த வாடை மறுபடியும் வந்துவிட்டது. அக்கா தூங்கட்டும் என்று காத்திருந்து, சிம்னி விளக்கைக் கட்டிலுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது. பலகை இடுக்கில் பழைய துணியும் செருகியிருக்கிறேன். ஆனாலும் வருகிறது. அழுகிய முட்டையும் கருகிய ரப்பரும் சேர்ந்தாற்போல ஒரு தடித்த எண்ணெய் வாடை. இந்த வீட்டில் பாயில் ஏலக்காய் மணக்கும், அரிசிப் பானையில் மணக்கும், அக்காவின் தலைமுடியில்கூட மணக்கும். அத்தனையையும் தாண்டி இது வருகிறது.

வெளியே தார்ப்பாய்க்குள் உங்கள் கார் நிற்கிறது. லாரியில் சங்கிலி கட்டிப் பள்ளத்திலிருந்து இழுத்துக் கொண்டுவந்து பத்து நாளாகிறது. முன்பக்கம் நசுங்கிப் போய்விட்டது. பின்பக்கம் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. அங்கிருந்துதான் எண்ணெய் சொட்டுகிறது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் இருபது எண்ணுகிறேன். சில சமயம் இருபதைத் தாண்டியும் சத்தம் வராது. அப்போதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. கீழே யாரோ கையேந்தி வாங்கிக்கொள்வதுபோல.

விடிந்தால் உங்களுக்குக் கருமாதி. சிலமலையிலிருந்து அப்பாவும் அம்மாவும் கோடிச் சேலையோடு முதல் பஸ்ஸில் ஏறி வருவார்கள். கோடி போட்ட கையோடு அக்காவைக் கூட்டிப் போய்விட வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். "கால் வச்சு எட்டு மாசம். எம்மகனை முழுங்கிட்டா. இனி இவ நெழலு இந்த வாசல்ல விழக் கூடாது" என்றாள். பெற்ற மகனைப் பறிகொடுத்தவள் பேச்சு.

அக்காவுக்குப் போக மனமில்லை மச்சான். மேற்குச் சரிவில் நீங்கள் இருவரும் நட்ட ஏலச்செடிகள் இன்னும் ஒரு காய்கூடக் காய்க்கவில்லை. "அதப் பாக்காம எப்பிடிடி எறங்கிப் போவேன்" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அவள் ராசியால் நீங்கள் சாகவில்லை என்று சொல்ல ஒரே ஓர் ஆளால்தான் முடியும். பதினைந்து நாளாக அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை.

முழுப்பரீட்சை லீவில் நான் முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போடியில் ஏறியதிலிருந்து மலை உச்சி மெட்டு வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் நான் வாந்தி எடுத்தேன். ஒவ்வொரு வளைவிலும் நீங்கள் காரை நிறுத்தினீர்கள். முனியப்பன் கல் நிற்கும் வளைவில் மட்டும், "இங்க மட்டும் எடுத்துராத ஆத்தா, அவருக்குக் கோவம் வந்துரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டீர்கள். யாரைக் கும்பிட்டீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் சிரித்த சிரிப்பில் வாந்தியே நின்றுவிட்டது.

அந்தக் கறுப்பு பிளசர் கார் உங்கள் அப்பா ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கியது. "தொர கப்பலேறிட்டாரு, காரு மட்டும் மலைய விட்டு எறங்க மாட்டேன்னுருச்சு" என்பீர்கள். அதன் பாட்டரி காலையில் எழுந்திருக்காது. அதனால் எப்போதும் மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படி வாசலில் நிறுத்தி வைப்பீர்கள். காலையில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை எடுத்துவிட்டால் தானே உருண்டுபோய், பாதி வழியில் இருமிக்கொண்டு உயிர் பெறும்.

அந்த லீவில்தான் எனக்கு 'எலிக்குஞ்சு' என்று பெயர் வைத்தீர்கள். உங்கள் வயிறு காருக்கடியில் நுழையாது. நான் நுழைவேன். "எலிக்குஞ்சு, சாக்கை விரி, உள்ள போ" என்பீர்கள். பின்சக்கரங்களை இணைக்கும் பின்னச்சின் நடுவில் கவிழ்த்த சட்டிபோல ஓர் இரும்புக் குண்டு இருக்கும். டிபரன்சல். அதன் முதுகில் பாதி உயரத்தில் ஒரு திருகு மூடி. அதைக் கழற்றி, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுக் கொக்கிபோல மடக்க வேண்டும். நுனியில் எண்ணெய் பட்டால் போதும். படாவிட்டால், பித்தளைப் பீச்சுக்குழாயில் அந்தக் குண்டுக்கான கிரௌன் ஆயிலை இழுத்து, ஓட்டையின் விளிம்பில் வழியும்வரை தள்ள வேண்டும். வழிவது நின்றதும் மூடியை முறுக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நீங்கள் வெளியே குந்திக்கொண்டு கட்டன் சாயா குடித்தபடி, "தொட்டுச்சா?" என்று கேட்பீர்கள். "தொடல." "இப்ப?" "தொடல மச்சான்." "என்ன இது, ஒங்கக்கா மாதிரி எவ்வளவு ஊத்துனாலும் பத்தாதா?" அக்கா அடுக்களையிலிருந்து எதையாவது விட்டெறிவாள்.

ஒருநாள் அத்தை இருக்கிறாள் என்று தெரியாமல் சொன்னீர்கள்: "எஞ்சினு மாமியா மாதிரி, கொறைன்னா கத்தும், தெரிஞ்சிரும். பின்னால இருக்குற குண்டு மருமக மாதிரி. உள்ள வத்திப்போனாலும் வாயத் தொறக்காது. நாமதான் போயி வெரல விட்டுப் பாக்கணும்." கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை, "நான் கத்துறனாடா, கத்துறனா?" என்று கத்தினாள். நீங்கள் காருக்கடியில் நுழையப் பார்த்தீர்கள். வயிறு இடித்தது. அன்றைக்குத்தான் அத்தை, "பொட்டப்புள்ள காருக்கடியில மல்லாந்து படுக்குறதா? இனிமே பாத்தேன், காலை ஒடிச்சிருவேன்" என்று என்னைச் சொன்னது. அதன் பிறகு அத்தை குளிக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் நான் உள்ளே போவேன்.

இந்த வேலைக்கு மட்டும் நீங்கள் காரை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னாலிருக்கும் சிமெண்டுக் களத்துக்கு ஓட்டிப் போவீர்கள். வாசல் எண்ணெயாகிவிடும் என்பதற்காக என்று நினைத்திருந்தேன். அங்கே போயும் பானெட் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக் குனிந்து பார்ப்பீர்கள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "தண்ணி சொன்னாத்தான் நம்பணும். இந்த மலையில கண்ணு பொய் சொல்லும்" என்றீர்கள். ஏதோ பேய்க்கதை ஆரம்பிக்கிறீர்கள் என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். அன்றைக்கு நான் காதைப் பொத்தாமல் இருந்திருக்க வேண்டும் மச்சான்.

இந்த வீட்டில் எல்லாக் கட்டிலுக்கும் இரண்டு கால்களில் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறது. வாசலில் குடம் வைத்தால் அடியில் கல் வைக்க வேண்டும். வந்த புதிதில் எனக்கு இங்கே நடப்பதே ஒரு பக்கம் இழுப்பதுபோல் இருந்தது. லீவு முடிவதற்குள் அது போய்விட்டது. இங்கே எல்லாரும் அந்த வாசலைச் 'சமம்' என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

அரைப்பரீட்சை லீவுக்கு வந்த மூன்றாம் நாள். அதற்கு முந்தின இரவு சாப்பிடும்போது, "நாளைக்குக் கிரௌன் ஆயில் பாக்கணும், எங்க நேரம், தலைக்கு மேல சோலி கெடக்கு" என்று சொன்னீர்கள். விடிந்ததும் ஸ்டோருக்கு நடந்து போய்விட்டீர்கள். அத்தை குளிக்கப் போனாள். பனிமஞ்சு வாசல்வரை வந்து நின்றது. காரின் மூக்கு அதற்குள் போயிருந்தது, பின்பாதி மட்டும்தான் தெரிந்தது. நீங்கள் வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஆசை. சாக்கை விரித்து உள்ளே போனேன். விரலை விட்டேன். தொடவில்லை. தள்ளினேன். மறுபடி விட்டேன். தொடவில்லை. டின் ஏறக்குறைய காலியாகும் வரைக்கும் தள்ளிய பிறகுதான் விளிம்பில் வழிந்தது. இத்தனை வற்றியிருக்கிறதே, நல்லவேளை நான் பார்த்தேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நீங்கள் வந்த வேகத்தில் ஏலக்காய் மூட்டையை ஏற்றினீர்கள். "ஆயில் நாளைக்குப் பாத்துக்கிறலாம், வெரசாப் போகணும்" என்று கல்லை எடுத்துவிட்டீர்கள். நான் சொல்ல வாயெடுத்தேன். அத்தை ஈரத்தலையோடு வாசலில் நின்றாள். பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு நாளில் மூன்று தடவை போடிக்குப் போய் வந்தீர்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே அக்காவிடம், "பின்னாடி பிரேக்கு லேசா வழுக்குது. மஞ்சுல நனைஞ்சிருக்கும்" என்றீர்கள். நான் போய்ப் பின்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தேன். அந்த வாடை அடித்தது. அது நான் ஊற்றிய எண்ணெயின் வாடை என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே வந்தபோது நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள், அத்தை பரிமாறிக்கொண்டிருந்தாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். நான் எழுந்திருப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

காரில் வேறு ஆள் ஏறியிருக்கவில்லை. எட்டு மூட்டை ஏலக்காயும் நீங்களும்தான். கார் பள்ளத்தில் கிடக்கிறது என்று பால்காரர் ஓடி வந்து சொன்னார். முனியப்பன் வளைவுக்கு மேலே தார் ரோட்டில் சக்கரம் வழுக்கிய தடம் நெடுந்தூரம் இருந்ததாம். காருக்கு மேலும் கீழும் ஏலக்காய் சிதறிக் கிடந்ததாம். அங்கே நின்றவர்களுக்கு வாசனையில் தலை சுற்றியதாம்.

"முனி அடிச்சிருச்சு" என்று ஊர் சொன்னது. அத்தை அதை ஒத்துக்கொள்ளவில்லை. "இம்புட்டு வருசமா அடிக்காத முனி இப்ப எதுக்கு அடிக்குது? வீட்டுக்குள்ள ஏதோ வந்துருச்சு, அதான் அடிச்சிருக்கு" என்று அக்காவைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஆறாம் நாள் சாயங்காலம் வெளியே ஒன்றுமே தெரியாத மஞ்சு. கீழ் வளைவில் மூன்று ஹாரன் கேட்டது. நீட்டி ஒன்று, குட்டையாய் இரண்டு. வீடு வந்து சேரப்போகிறேன் என்று நீங்கள் அடிப்பதுதான். அக்கா எழுந்துபோய் அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். அத்தையும் வந்து நின்றாள். தண்ணீர் கொதித்து வற்றும்வரைக்கும் மூன்று பேரும் நின்றோம். எந்த வண்டியும் மேலே வரவில்லை.

எட்டாம் நாள் படையல். உங்கள் அறையில் கருவாட்டுக் குழம்பும் கட்டன் சாயாவும் வைத்து, தரையில் மாவைத் தூவி, கதவைச் சாத்தினார்கள். காலடி விழுந்தால் வந்து சாப்பிட்டுப் போனதாக அர்த்தம். கதவைத் திறந்தபோது முதலில் எட்டிப் பார்த்தது அத்தை. "காலடியே இல்ல. இவ இருக்குற வீட்டுக்குள்ள எம்மகன் கால் வைக்கல" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். காலடி இல்லைதான். டம்ளருக்குப் பக்கத்தில் மாவில் ஒரே ஒரு குழி இருந்தது. ஒரு விரல் நுழையும் அளவு. உள்ளே போய், மடங்கி, விளிம்பைச் சுரண்டிக்கொண்டு வெளியே வந்ததுபோல. "பல்லி விழுந்திருக்கும்" என்று ஒரு பெரியவர் சொன்னார். நானும் பல்லி என்றே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு ராத்திரியிலிருந்துதான் இந்த வாடை வீட்டுக்குள் வருகிறது.

இன்றைக்கு மத்தியானம் போடியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். காரைப் பழைய இரும்புக்கு எடுக்கலாமா, ஏதாவது தேறுமா என்று பார்க்க வந்தவர். ஜாக்கி வைத்துத் தூக்கிப் பின்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே விரலால் தடவி மோந்து பார்த்தார். பிறகு, "ஆத்தா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். "முனியுமில்ல, பேயுமில்ல. பிரேக்குப் பூரா எண்ணெ."

"எண்ணெ எப்பிடிப்பா அங்க போகும்?"

"கிரௌன் ஆயில அளவுக்கு மேல ஊத்திருக்கு. வண்டிய எறக்கத்துல நிறுத்தி ஊத்துனா அப்பிடித்தான் ஆகும். எண்ணெ முன்னாடி சாஞ்சிரும், பின்னாடி ஓட்டையில கொறையாக் காட்டும். இன்னும் இன்னும்னு ஊத்தச் சொல்லும். அப்புறம் வளைவுல திரும்புற திருப்புல அது அச்சு வழியாச் சக்கரத்துக்கு வந்துரும். சமமான எடத்துல வச்சுல்ல ஊத்தணும்? தொழில் தெரியாதவன் எவனோ தொட்டிருக்கான்."

தண்ணீர் டம்ளர் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் சமம் என்று சொல்லும் வாசல் சமமே இல்லை.

"எம்மகனத் தவிர இந்தக் காரை எவனும் தொட்டதில்ல" என்றாள் அத்தை. "பன்னெண்டு வருசமா ஊத்துறான். அவனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?"

"நான் அவரக் கொறை சொல்லல ஆத்தா. யாரு ஊத்துனதுன்னு கேக்குறேன்."

அத்தையின் கண் மெதுவாகச் சுற்றி என் பக்கம் வந்தது. என் மேல் வந்து நின்றதா, தாண்டிப் போனதா, தெரியவில்லை. உள்ளே மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வாசல்படிக்கு வந்தாள். பதினைந்து நாளில் அவள் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவுகதான் ஊத்துனாக. நான் பாத்தேன்."

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். அத்தை, "கேட்டுக்கங்க" என்றாள். "பக்கத்துல நின்னு பாத்திருக்கா. தேர்ந்த கை தப்புப் பண்ணுமா? இவ கண்ணு பட்டுத்தான் எம்மகன் கை தடுமாறிருக்கு."

பாருங்கள் மச்சான். எண்ணெய் என்று தெரிந்த பிறகும் பழி அக்காவிடமே வந்து உட்கார்ந்தது. இப்போது உங்கள் மேலும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டது. தொழில் தெரியாதவன் என்று அந்த ஆள் சொன்னது உங்களைத்தான் என்று ஊருக்குள் நாளைக்குப் பேசுவார்கள்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும் இடத்தில் அக்கா என் வலது கையைப் பிடித்து இழுத்தாள். புளியும் சாம்பலும் வைத்து என் ஆள்காட்டி விரல் நகத்தைத் தேய்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாத நகத்தைத் தோல் சிவக்கும்வரை தேய்த்தாள்.

"எப்பக்கா தெரியும்?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே. ஒம் பாவாடையில கறை இருந்துச்சு. ஊத்துனா என்ன, நல்லதுதானேன்னு விட்டுட்டேன். எனக்கு என்னடி தெரியும்?"

"நான் அத்தைகிட்டச் சொல்லிர்றேன்க்கா."

என் வாயை ஈரக்கையால் பொத்தினாள். சாம்பல் நாக்கில் கரித்தது. "என்னையச் சொன்னா ராசிம்பாக. ஒன்னையச் சொன்னா கொலைம்பாக. ராசியக் கூடக் கொண்டுக்கிட்டுப் போயி எங்கிட்டாவது ஒக்காந்துக்கிறலாம். மத்ததத் தூக்கிக்கிட்டு நீ பள்ளிக்கூடம் போக முடியாதுடி. வாயத் தொறந்தேன்னா ஒங்கூடப் பேசவே மாட்டேன்." அழவே இல்லை. இப்போதும் கட்டிலில் என் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். மூக்குத்தியைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். நாளைக்கு அவர்கள் கழற்றுவதற்கு முன்னால் தானே கழற்றியது.

நான் படுத்துக்கொண்டே யோசித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் காலையில் இறங்கியிருக்க மாட்டீர்கள். ஊற்றியதுகூடத் தெரியாமல் செய்தது. சொல்லாமல் படுத்தது தெரிந்து செய்தது. இன்றைக்கும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால், காலையில் சனம் வந்துவிடும். எனக்கு முன்னால் அக்கா பேசிவிடுவாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து சிலமலைவரைக்கும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே போவேன்.

அத்தையும் தூங்கவில்லை. கூடத்தில் இருமுகிறாள். கதவடியில் வெளிச்சம் தெரிகிறது. உங்கள் சட்டைகளை மடித்து மடித்துப் பெட்டிக்குள் வைத்து, மறுபடி எடுத்து மடிக்கிற சத்தம் கேட்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். கார் கிடக்கும் பக்கத்தைவிட இந்தக் கதவுதான் இப்போது பயமாக இருக்கிறது. அத்தை அடிக்கலாம். அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லலாம். கத்தி ஊரைக் கூட்டலாம். இதெல்லாம் செய்துவிட்டு அப்புறமும் அக்காவைப் போகத்தான் சொல்லலாம். அதுவும் நடக்கலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அக்காவின் காலடியால் என்று மட்டும் இனிமேல் அத்தையால் மனசாரச் சொல்ல முடியாது. உங்கள் கை தடுமாறியது என்றும் சொல்ல முடியாது.

எனக்கென்று நீங்கள் விட்டுப்போனது என்னவென்று தேடிப் பார்க்கிறேன். ஒரு பட்டப்பெயர். அதோடு இன்னொன்று. ஸ்பானரைப் பள்ளத்தில் போட்டபோதும், பெட்ரோல் மூடியைத் தொலைத்தபோதும், சீட் முழுக்க வாந்தி எடுத்தபோதும் நீங்கள் என்னை ஒரு சொல் திட்டியதில்லை. அதுதான் தூக்க முடியாமல் கனக்கிறது. நீங்கள் திட்டாமல் விட்டதையெல்லாம் சேர்த்து இன்றைக்கு உங்கள் அம்மா திட்டட்டும். வாங்கிக்கொள்கிறேன்.

"நான்தான் அத்தை ஊத்துனேன்." நான்கைந்து தடவை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துவிட்டேன். மூன்றே வார்த்தைதான்.

நோட்டை ஒளித்துவைக்கப் போவதில்லை. அக்காவின் தலைமாட்டில் திறந்தபடி வைக்கிறேன். கூடத்தில் சத்தம் கேட்டு அவள் எழுந்தால் முதலில் இதைப் படிக்கட்டும். விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன். அத்தை என் முகத்தைப் பார்க்க வேண்டும்.